கசியாத துணி டயப்பரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சிறுநீர்க் கசிவுள்ள மூத்தோருக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும்

வெள்ளிக்கிழமை கோயிலில் அபிஷேகம் முடியும்வரை உட்கார்ந்திருந்த நீங்கள், இப்போது வாசலில் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறீர்களா? தொழுகையில் குனிந்து எழும்போது ஆடை நனைந்துவிடுமோ என்று பள்ளிவாசலுக்குப் போவதைக் குறைத்துவிட்டீர்களா? பேரப்பிள்ளையின் பிறந்தநாள் விருந்தில் சோபாவை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடுகிறீர்களா? எம்ஆர்டி ரயிலில் போகவேண்டிய நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்களா? அப்படியானால் இந்தச் சிற்றேடு உங்களுக்குத்தான்.

சிறுநீர்க் கசிவு மூத்தோரிடையே பரவலாகக் காணப்படுகிறது. பெண்களுக்கு அதிகம் வருகிறது. ஆண்களுக்கும் வருகிறது, குறிப்பாக புரோஸ்டேட் சுரப்பிக்குச் சிகிச்சை பெற்ற பிறகு. "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிட வேண்டியதில்லை. பலருக்கு அது சிகிச்சையால் குறைகிறது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம். ஆனால் சிகிச்சை பலன் தர வாரங்களோ மாதங்களோ ஆகும். அதுவரை வீட்டுக்குள்ளேயே இருந்துவிட முடியாது. நாளைக்கே வெளியே போகவேண்டியிருந்தால், கசியாத ஒன்று கையில் இருக்க வேண்டும்.

'டயப்பர்' என்ற சொல்லே சிலருக்குக் கசப்பாக இருக்கும். அது குழந்தைகளுக்கானது என்ற எண்ணம். தமிழில் 'அணையாடை' என்றும் சொல்லலாம். ஆனாலும் இங்கே டயப்பர் என்றே எழுதுகிறோம். கடையில் அப்படிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

பழைய வேட்டித் துணி போதாதா?

மென்மையான பழைய வேட்டியையோ சேலையையோ கிழித்து, நான்காக மடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. பருத்தி நன்றாக உறிஞ்சும், தோலை உறுத்தாது. அந்த வரையில் அது நல்லதுதான். குறை இரண்டு. முதலாவது, உறிஞ்சிய ஈரத்தை அது தோலிலேயே வைத்திருக்கும். இரண்டாவது, பின்னால் தடுப்பு எதுவும் இல்லாததால் உட்கார்ந்தவுடன் ஈரம் அழுத்தப்பட்டுப் பாவாடைக்கும் நாற்காலிக்கும் போய்விடும்.

இப்போது கிடைக்கும் துணி டயப்பர்கள் இந்த இரண்டு குறைகளையும் மூன்று அடுக்குகளால் சரிசெய்கின்றன. தோலைத் தொடும் அடுக்கு ஈரத்தைக் கீழே விட்டுவிட்டுத் தான் ஓரளவு உலர்ந்தே இருக்கும். நடு அடுக்கு உறிஞ்சிப் பிடித்துவைக்கும். வெளி அடுக்கு, பாலியூரித்தேன் பூச்சுள்ள துணி. நீரை வெளியே விடாது, ஆனால் பழைய ரப்பர் ஜட்டியைப்போல் வேர்க்கவைக்காது. வாங்கும்போது மூன்றும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். 'உறிஞ்சும் உள்ளாடை' என்று விற்கப்படும் சிலவற்றில் வெளி அடுக்கு நடுவில் ஒரு கீற்றாக மட்டுமே இருக்கும். இருமும்போதும் தும்மும்போதும் கசியும் சில சொட்டுகளுக்கு அது போதும். கழிவறைக்குப் போகும் வழியிலேயே முழுவதும் போய்விடுகிறவர்களுக்கு அது போதாது.

நடு அடுக்கின் துணியையும் பாருங்கள். மைக்ரோஃபைபர் வேகமாக உறிஞ்சும். ஆனால் அழுத்தினால் கடற்பஞ்சைப்போல் வெளியே விட்டுவிடும். பருத்தியும் மூங்கில் இழைத் துணியும் சற்று மெதுவாக உறிஞ்சும்; உறிஞ்சியதை விடாமல் பிடித்துக்கொள்ளும். நீங்கள் அதிக நேரம் உட்கார்ந்திருப்பவர் என்றால் பருத்தியோ மூங்கிலோ உகந்தது. சிறுநீர் திடீரென்று வேகமாக வெளியேறுபவர் என்றால் மேலே மைக்ரோஃபைபரும் கீழே பருத்தியும் சேர்ந்த பேட் நல்லது. மைக்ரோஃபைபர் நேரடியாகத் தோலில் படக்கூடாது. தோலை வறளச் செய்துவிடும். அதன் மேல் வேறொரு மென்துணி தைத்திருக்க வேண்டும்.

ஈரம் எங்கே பட்டிருக்கிறது?

கசிந்துவிட்டது என்றவுடன் பெரும்பாலோர் இன்னும் தடித்த டயப்பரை வாங்குகிறார்கள். பல நேரங்களில் கோளாறு தடிமனில் இருப்பதில்லை. அடுத்த முறை கசியும்போது, மாற்றிக்கொள்ளும் அவசரத்தில், ஒரே ஒரு நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள்: வெளியாடையில் ஈரம் எந்த இடத்தில் இருக்கிறது? டயப்பர் முழுவதும் நனைந்திருக்கிறதா, பாதி உலர்ந்திருக்கிறதா?

டயப்பர் முன்னும் பின்னும் முழுவதும் நனைந்து கனமாக இருந்தால், அதன் கொள்ளளவு உங்களுக்குப் போதவில்லை. அப்போதுதான் கூடுதல் பேட் வைப்பதோ தடித்ததை வாங்குவதோ பயன்தரும். கூடுதலாக வைக்கும் பேட்டின் அடியில் பிளாஸ்டிக் தடுப்பு இருக்கக்கூடாது என்பதைக் கவனியுங்கள். கடையில் வாங்கிய சாதாரண பேட்டை டயப்பருக்குள் வைத்தால், மேலே உள்ளது நிறைந்தவுடன் ஈரம் கீழே இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடிவிடும். இரண்டு போட்டும் கசிகிறதே என்று பலர் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

டயப்பர் பாதிக்கு மேல் உலர்ந்திருந்து தொடைப் பக்கம் மட்டும் நனைந்திருந்தால், கால் விளிம்பில் இடைவெளி இருக்கிறது. அளவு பெரிதாக இருக்கலாம், எலாஸ்டிக் தளர்ந்திருக்கலாம். தொடை மெலிந்த மூத்தோருக்கு இது அடிக்கடி நேரும். கால் விளிம்பில் ஒற்றை எலாஸ்டிக்குக்குப் பதிலாக, உள்பக்கம் இன்னொரு தடுப்பு மடிப்பும் உள்ள டயப்பரைத் தேர்ந்தெடுங்கள். அந்த உள்மடிப்பு தொடையின் மடிப்பில் படிந்து உட்கார வேண்டும். போட்டுக்கொண்டபின் விரலால் ஓரத்தைத் தடவி, மடிப்பு உள்ளே சுருண்டிருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள்.

முன்பக்க இடுப்பில் ஈரம் என்றால், ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: ஆணுறுப்பு மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருந்திருக்கும். டயப்பரை மூடுமுன் கீழ்நோக்கி இருக்கச் செய்யுங்கள். அப்பாவுக்கு மகனோ பணிப்பெண்ணோ மாற்றிவிடும் வீடுகளில் கூச்சத்தால் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதன் விளைவாக, இரவில் மெத்தை விரிப்பு நனைகிறது. ஆண்களுக்கு உறிஞ்சும் பகுதி முன்னால் தடிப்பாக இருக்க வேண்டும். பெண்களுக்கு நடுவில். மல்லாந்து படுக்கும் பெண்களுக்கு இரவில் பின்பக்கம் வரை நீள வேண்டும். பக்கவாட்டில் படுப்பவருக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாரோ அந்தப் பக்க இடுப்பு நனையும். அந்த இடம்வரை அகன்று வரும் டயப்பர் தேவை.

இடைவெளியே இல்லை, டயப்பரும் நிறையவில்லை, ஆனாலும் சட்டையோ பாவாடையோ நனைந்திருக்கிறதா? உள்ளே இருக்கும் பேட்டின் ஓரமோ, சட்டையின் நுனியோ நீர்த்தடுப்பு உறையின் விளிம்பைத் தாண்டி மாட்டிக்கொண்டிருக்கும். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்த நுனி ஈரத்தை வெளியே இழுத்துவிடும். பேட்டின் ஓரம் சுற்றிலும் உறைக்குள் அடங்கியிருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஈரம் பேட்டில் இறங்காமல், தாமரை இலைத் தண்ணீர்போல மேலேயே உருண்டு ஓடுகிறதா? துணியில் எண்ணெய்ப்பசை ஏறிவிட்டது. தோலுக்குத் தேங்காய் எண்ணெயோ தடித்த களிம்போ தாராளமாகப் பூசினாலும், துவைக்கும்போது மென்மையாக்கித் திரவம் சேர்த்தாலும் இப்படி ஆகும். புதிதாக வாங்கிய பருத்திப் பேட்டும் முதலில் இப்படித்தான் இருக்கும். பயன்படுத்தும் முன் நான்கைந்து முறை துவைத்தால்தான் முழுமையாக உறிஞ்சத் தொடங்கும். முதல் நாளே "இது சரியில்லை" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சேலை, கைலி, சம்மணம்

டயப்பர்ப் பொட்டலத்தில் உள்ள படங்களில் இருப்பவர்கள் காற்சட்டை அணிந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். நம் வீட்டு மூத்தோர் அப்படி இருப்பதில்லை.

வீட்டில் கைலி கட்டும் ஆண்கள் பலர் உள்ளாடை அணிவதில்லை. உறிஞ்சும் பேட்டை உடலோடு ஒட்டிப் பிடித்துவைக்க ஏதாவது வேண்டும். தொளதொளத்த பழைய ஜட்டிக்குள் வைத்தாலும் பேட் நகர்ந்துவிடும். கைலிக்குள் அணிய, உறிஞ்சும் பகுதி சேர்த்தே தைத்த இறுக்கமான உள்ளாடைதான் சரி. அதற்கு மேல் கைலி கட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது.

சேலை அணியும் பெண்களுக்கு வேறு சிக்கல். கால் வழியாக இழுத்து அணியும் டயப்பரை வெளியிடத்தில் மாற்ற வேண்டுமென்றால், ஒரு கையால் சேலையையும் பாவாடையையும் தூக்கிப் பிடித்து, செருப்பைக் கழற்றி, ஒற்றைக் காலில் நின்று உருவ வேண்டும். ஈரமான கழிவறைத் தரையில் இது விழுவதற்கான வழி. சேலையோடு வெளியே போகும் நாளில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: பேட்டை மட்டும் எடுத்து வேறு வைக்கக்கூடிய உள்ளாடை, அல்லது இடுப்பின் இருபக்கமும் திறந்து மூடும் டயப்பர். இரண்டையும் காலை விட்டு உருவாமலே மாற்றலாம்.

இருபக்கமும் திறப்பவற்றில் அழுத்துப் பொத்தானும் உண்டு, வெல்க்ரோ பட்டையும் உண்டு. விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கும், பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கையை மட்டும் பயன்படுத்துபவர்களுக்கும் வெல்க்ரோ எளிது. ஆனால் மறதிநோய் உள்ள ஒருவர் அடிக்கடி அவிழ்த்துவிடுகிறார் என்றால், பொத்தான் உள்ளதே கைகொடுக்கும். அவிழ்ப்பதற்குக் காரணம் ஈரமோ அரிப்போ கழிவறைக்குப் போகும் உந்துதலோ என்று முதலில் பாருங்கள். அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருக்கலாம்.

பிறகு, சம்மணம். தரையில் சம்மணமிட்டு உட்காரும்போது தொடைகள் விரிந்து, கால் விளிம்பு உடலைவிட்டு விலகும். நின்றபடி போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்த டயப்பர் பூசை நேரத்தில் கசிவதற்கு இதுதான் காரணம். ஆகவே வாங்கியதும் வீட்டிலேயே அணிந்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் விதத்தில் உட்கார்ந்து பாருங்கள். தொழுகை செய்பவர்கள் குனிந்து, மண்டியிட்டுப் பாருங்கள். அந்த நிலையில் கால் விளிம்புக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போனால் அந்த அளவு உங்களுக்குப் பெரிது.

அளவும் கொள்ளளவும்

பெரிய அளவு அதிகம் தாங்கும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. எம், எல், எக்ஸ்எல் என்பவை உடம்பின் அளவு. எவ்வளவு ஈரம் தாங்கும் என்பது வேறு. இடுப்புச் சுற்றளவையும், பின்பக்கம் அகன்றிருக்கும் இடத்தின் சுற்றளவையும் தையல் நாடாவால் அளந்து, இரண்டில் பெரியதைக் கொண்டு பொட்டலத்தில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் அளவும் வேறுபடும். கழற்றியபின் தோலில் லேசான தடம் இருந்து சற்று நேரத்தில் மறைந்தால் கவலை இல்லை. அழுத்தமான சிவப்புக் கோடு நீடித்தால் அளவு சிறிது.

எவ்வளவு தாங்க வேண்டும் என்பதைச் சமையலறைத் தராசு சொல்லும். உலர்ந்த பேட்டை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய பிறகு பிளாஸ்டிக் பையில் போட்டு மீண்டும் எடைபோடுங்கள். ஒரு கிராம் கூடுதல் எடை, ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர் சிறுநீர். உலர்ந்தபோது 80 கிராம், நனைந்தபோது 230 கிராம் என்றால், அதில் இருப்பது 150 மில்லிலிட்டர். இரண்டு மூன்று நாள் பகலிலும் இரவிலும் எழுதிவையுங்கள். மருத்துவரும் அந்தத் தாளைப் பார்க்க விரும்புவார்.

பிறகு வாங்கிய டயப்பரைச் சோதியுங்கள். அதைக் குளியலறையில் தட்டையாக விரித்து, உங்கள் கணக்கில் வந்த அளவு தண்ணீரை ஒரே மூச்சில் நடுவில் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, மேலே ஒரு மெல்லிய காகிதத்தை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். காகிதம் சொட்டச் சொட்ட நனைந்தால், நீங்கள் உட்காரும்போதும் அதுதான் நடக்கும். ஒன்று மட்டும் வாங்கிச் சோதித்துவிட்டு, சரியாக இருந்தால் மற்றவற்றை வாங்குங்கள். ஒரு நாளைக்கு நான்கு, இரண்டு நாளுக்கு ஒரு முறை துவையல், காய ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு தேவைப்படும். நல்ல துணி டயப்பர் மலிவில்லை. ஆனால் பல நூறு தடவை துவைக்கலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துவைப்பதும் காயவைப்பதும்

துணி டயப்பர் கசியத் தொடங்குவது பெரும்பாலும் சலவையில்தான்.

கழற்றியவுடன் குளிர்ந்த நீரில் அலசிப் பிழியுங்கள். மலம் இருந்தால் முதலில் கழிவறையில் கொட்டிவிட்டு அலசுங்கள். மூடிய வாளியில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டாம். எலாஸ்டிக் கெட்டுவிடும், நாற்றமும் ஏறும். சலவைத் தூளை அளவோடு போடுங்கள். நாற்றம் போக வேண்டுமென்று இரட்டிப்பாகப் போட்டால், எஞ்சிய தூள் துணியில் தங்கி உறிஞ்சும் திறனைக் குறைக்கும், தோலையும் அரிக்கும். கடைசி அலசலில் நுரை வந்துகொண்டே இருந்தால் இன்னொரு முறை அலசுங்கள். மென்மையாக்கித் திரவம் வேண்டவே வேண்டாம், எவ்வளவு மணமாக இருந்தாலும். வெளுப்பான் எலாஸ்டிக்கையும் நீர்த்தடுப்புப் பூச்சையும் அரித்துவிடும். பேட்டுகள் தனியாக வருபவை என்றால் அவற்றை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம்; உறையை அதன் ஓரத்தில் தைத்துள்ள குறிப்பில் சொன்ன வெப்பத்துக்கு மேல் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். வெல்க்ரோ பட்டைகளை ஒட்டிவிட்டுத் துவைத்தால் நூல்பிசிறு சேராது.

வீவக வீடுகளில் இன்னொரு தடை, வெட்கம். சன்னலுக்கு வெளியே கழியில் போட்டால் எதிர் புளோக்கில் இருப்பவர்கள் பார்ப்பார்களே என்று, ஈரமான குளியலறைக்குள் காயவைப்பவர்கள் உண்டு. அங்கே அது காய்வதில்லை. பாதி ஈரத்தில் பூஞ்சை பிடித்து நாறுகிறது. அந்த நாற்றத்துக்குப் பயந்து மறுபடியும் தூளை அள்ளிப் போடுகிறோம். உறைகளையும் உள்ளாடைகளையும் வெளியே போடுங்கள். பார்ப்பதற்குச் சாதாரண உள்ளாடைபோலத்தான் இருக்கும். பேட்டுகளை வீட்டுக்குள் மடக்குக் கொடியில் இடைவெளி விட்டுப் போட்டு மின்விசிறியை ஓடவிடுங்கள். ஆண்டிறுதி மழைக்காலத்தில் தடித்த பேட் காய இரண்டு நாள்கூட ஆகும். உறையும் பேட்டும் தனித்தனியாகப் பிரியும் வகை இங்கே நமக்கு உகந்தது என்று நாங்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

தோலைப் பாருங்கள்

ஈரம் வெளியே கசியவில்லை என்பதற்காக உள்ளே மணிக்கணக்கில் விட்டுவைக்கக்கூடாது. மூத்தோரின் தோல் மெல்லியது. பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள்; நனைந்திருந்தால் மாற்றுங்கள். மலம் பட்டிருந்தால் உடனே மாற்ற வேண்டும், நள்ளிரவானாலும். மென்மையான, மணமில்லாத திரவத்தால் சுத்தம் செய்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பவுடர் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஈரத்தில் கட்டியாகித் தோல் மடிப்புகளில் உராயும். காப்புக் களிம்பு தேவையென்றால் மெல்லிய பூச்சு போதும்.

தோல் சிவந்து எரிந்தாலோ, மடிப்புகளில் சிறு புள்ளிகளோடு அரித்தாலோ, தோல் உரிந்தாலோ தாதியிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரின் வால் எலும்புப் பகுதியிலும் இடுப்பெலும்பின் மேலும் அழுத்தினாலும் மறையாத சிவப்பு தெரிந்தால், அது படுக்கைப் புண்ணின் தொடக்கமாக இருக்கலாம். காத்திருக்காதீர்கள்.

துணி எல்லாருக்கும் பொருந்தாது

அடிக்கடி மலம் கசிபவருக்கும், வயிற்றுப்போக்கு உள்ள நாள்களிலும், தோலில் புண் இருக்கும்போதும், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் டயப்பரே மேல். வீட்டில் துவைக்க ஆள் இல்லையென்றாலும் அப்படித்தான். எண்பது வயது மனைவி எண்பத்து மூன்று வயதுக் கணவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில், துணிதான் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவரது முதுகுவலியும் கணக்கில் வரவேண்டும். பகலில் துணி, இரவில் தூக்கியெறிவது என்று இரண்டையும் கலந்து பயன்படுத்தும் குடும்பங்களும் உண்டு. தூக்கியெறியும் வகைகள் பலவற்றின் வெளிப்பக்கத்தில் நனைந்தால் நிறம் மாறும் கோடு இருக்கும். தூங்குபவரை எழுப்பாமலே பார்த்துக்கொள்ளலாம்.

அரசாங்க மானியம் பெறும் இல்லப் பராமரிப்புச் சேவையில் இருக்கும் மூத்தோருக்கு, தகுதியைப் பொறுத்து, டயப்பர் போன்ற பொருள்களுக்கும் மானியம் கிடைக்கக்கூடும். உங்களைப் பார்க்க வரும் தாதியிடமோ ஏஐசி லிங்க் நிலையத்திலோ கேளுங்கள்.

மருத்துவரிடம் எப்போது போவது?

டயப்பர் கசிவைத் தாங்குமே தவிர நிறுத்தாது. ஆகவே இதுவரை மருத்துவரிடம் சொல்லவில்லை என்றால், அடுத்த முறை இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ போகும்போது சொல்லிவிடுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், கட்டுப்படாத நீரிழிவு, பெரிதான புரோஸ்டேட் சுரப்பி, சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி உண்டு. மாத்திரைதான் காரணம் என்று நினைத்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வேளையை மாற்றித் தரும்படி கேட்கலாம்.

இருமும்போதும் எழுந்திருக்கும்போதும் கசிபவர்களுக்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி பலனளிக்கும். வாயுவை அடக்குவதுபோல் அந்தத் தசையை ஐந்து விநாடி இறுக்கி, ஐந்து விநாடி தளர்த்துங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வயிற்றையும் தொடையையும் இறுக்காதீர்கள், மூச்சைப் பிடிக்காதீர்கள். பலன் தெரிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டே செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். குறைத்தால் சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையை உறுத்தும், மலமும் இறுகும். இரண்டும் கசிவை அதிகமாக்கும். இதய, சிறுநீரக நோய்க்காக மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். குறைக்க வேண்டியது மாலைக்குப் பிறகான தே தாரிக்கும் கோப்பியும்தான்.

சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், திடீரென்று தொடங்கிய கசிவு ஆகியவற்றுக்குத் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வயிறு உப்பி வலித்து, சிறுநீர் வராமல் சொட்டுச் சொட்டாக மட்டும் கசிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவோடு கால்கள் திடீரெனப் பலமிழந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ 995ஐ அழையுங்கள்.

வீட்டில் யாரிடம் சொல்வது?

மருமகளிடம் சொல்லக் கூச்சம், மகனிடம் சொல்ல அதைவிடக் கூச்சம். அதனால் ஈரப் பாவாடையை இரவில் தாமே துவைத்து, அந்த ஈரத் தரையில் வழுக்கி விழுந்தபிறகுதான் பலர் வீட்டில் தெரியப்படுத்துகிறார்கள். நீளமாக விளக்க வேண்டியதில்லை. "தம்பி, எனக்கு ஒண்ணுக்கு அடக்க முடியல. டாக்டர்கிட்ட ஒரு தடவை கூட்டிட்டுப் போப்பா" என்ற இரண்டு வாக்கியம் போதும். மகள் பக்கத்து வட்டாரத்தில் இருந்தால் தொலைபேசியில் சொல்லுங்கள். முகம் பார்க்காமல் சொல்வது சிலருக்கு எளிதாக இருக்கிறது.

பிள்ளைகளே, நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால்: அம்மா சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். நாற்காலியில் துண்டு விரித்து உட்கார்வது, வெளியூர்ப் பயணத்தை மறுப்பது, அடிக்கடி சேலை மாற்றுவது ஆகியவற்றைக் கண்டால், விருந்தினர் இல்லாத நேரத்தில் தனியாகக் கேளுங்கள். கேலி வேண்டாம், வேலைக்காரப் பெண்ணின் முன்னாலும் வேண்டாம். இரவில் படுக்கையிலிருந்து கழிவறைவரை சிறு விளக்கு எரியட்டும். வழியில் கால்மிதி கிடக்க வேண்டாம்.

வெளியே போகும் பையில்

மாற்று பேட் இரண்டு, மாற்று உள்ளாடை ஒன்று, மணமில்லாத ஈரத்துடைப்பான், ஒற்றி எடுக்கச் சிறு துண்டு, ஈரமானதைப் போட்டு இறுக்க மூடும் பிளாஸ்டிக் பை இரண்டு. கல்யாணத்துக்கோ தேக்காவுக்கோ போவதானால் அடர்நிறச் சேலையோ காற்சட்டையோ அணியலாம். வெள்ளை வேட்டிதான் கட்ட வேண்டுமென்றால், அதற்குள் கறுப்பல்லாத, தோல் நிற உள்ளாடையை அணியுங்கள். போய்ச் சேர்ந்ததும் கழிவறை எங்கே என்று பார்த்துவைத்துவிட்டு, வசதியான நாற்காலியில் உட்காருங்கள்.